மகாசபைப் பந்திக்கு எதைக் கொண்டு செல்வது?

நம் சரகத்திலுள்ள கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளை நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஆய்வு செய்தபோது, மகாசபை நடந்த நாளில் ‘விருந்து வகையில்’ என்னும் தலைப்பின்கீழ் ஒரு பெருந்தொகை எழுதப்பட்டிருப்பதைக் கண்டோம். ரசீதுகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. சமையற்காரர் கூலி, அரிசி, காய்கறி, நெய், பந்தல், பாத்திர வாடகை என ஒன்றும் விடுபடவில்லை. ஆயினும் அவ்வாண்டில் அங்கத்தினர்களுக்குச் சேரவேண்டிய போனஸ் தொகையில் ஒரு பகுதி பட்டுவாடா ஆகாமல் நின்றிருந்தது. கொடுக்கவேண்டிய பணத்தைக் கொடாது வைத்துக்கொண்டு, அவர்கள் பணத்திலேயே அவர்களுக்கு வடை பாயசத்துடன் விருந்து வைப்பது முறையாகாது என்று நாம் ஆய்வுக் குறிப்பில் எழுதினோம்.

குறிப்பு நிர்வாகக் கமிட்டியில் படிக்கப்பட்டது. போனஸும் சில மாதங்களில் பட்டுவாடா ஆயிற்று. ஆனால் அதற்காக எவரும் நம்மைப் பாராட்டியதாகத் தெரியவில்லை. “சாப்பாட்டை நிறுத்தியவர்” என்னும் பெயரே நமக்கு நிலைத்தது. பாவடியில் நாம் நடந்து செல்லும்போது, பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் தமக்குள் ஏதோ சொல்லிச் சிரித்ததும் நம் செவியில் விழாமல் இல்லை.

அடுத்த மகாசபைக்கு நாள் குறித்தபோது ஒரு முதிய நெசவாளர் எழுந்து, “சங்கம் சோறு போடக்கூடாது, அவ்வளவுதானே? அவரவர் வீட்டில் செய்ததை அவரவர் எடுத்துவந்து எல்லாரும் பகிர்ந்து தின்றால் அதற்கும் இன்ஸ்பெக்டர் குறிப்பு எழுதுவாரா?” என்று கேட்டார். அதற்குக் குறிப்பு எழுத நமக்கு எந்த விதியிலும் இடம் கிடையாது. அவ்விதமே முடிவாயிற்று. அது முதல் மூன்று மகாசபைகளின் பந்திகளை நாம் உடனிருந்து கண்டிருக்கிறோம். நம் சங்கங்கள் பலவற்றில் இவ்வழக்கம் இப்போது பரவி வருவதால், கண்டவற்றை இங்கு எழுதுவது அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடும்.

இது நமக்குப் புதிய வழக்கமுமன்று. காவிரிக் கரையில் ஆடிப் பதினெட்டன்று குடும்பங்கள் சித்திரான்னங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆற்றுக்குச் சென்று, நீரை வணங்கி, அருகில் அமர்ந்தவருக்கும் கொடுத்து உண்பது இன்றும் நடக்கிறது. கொங்கு நாட்டில் தைப்பூசத்தை ஒட்டிய இரவுகளில் சிறுமியரும் பெண்டிரும் வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் சேர்த்து, கும்மியடித்துப் பாடிய பின்னர் நிலவொளியில் நிலாச்சோறு உண்பர். திருநெல்வேலிப் பக்கத்திலோ கூட்டாஞ்சோறு என்ற பெயரே ஒரு தனி உணவுக்கு உரியதாகிவிட்டது. ஆதலின் எதைக் கட்டி எடுத்துச் செல்வது, எதைச் செல்லக்கூடாது என்பதில் நம் பாட்டிமாருக்கு இருந்த அறிவு பெரிது. அந்த அறிவைச் சற்று மறந்து நடந்ததால் முதல் ஆண்டுப் பந்தி எப்படியாயிற்று என்பதை முதலில் கூறிவிடுவோம்.

அன்று பாவடி மைதானத்தின் வேப்பமர நிழலில் ஜமக்காளங்களை விரித்து, நடுவே பெஞ்சுகளைப் போட்டுப் பாத்திரங்களை வரிசையாக வைத்தார்கள். மூடிகளைத் திறந்தபோது சிரிப்பு எழுந்தது. பதினொரு பாத்திரங்களில் எலுமிச்சைச் சோறு! காரணம் எளியதே. விடியற்காலை எழுந்து தார் சுற்றவேண்டிய பெண்டிர், அரைமணி நேரத்தில் முடியக்கூடிய ஒன்றையே செய்வர். ஒவ்வொருவரும் தாம் ஒருவரே அதைச் செய்வதாக எண்ணியிருந்தனர். தொட்டுக்கொள்ள ஊறுகாய் ஒரே ஒரு சீசா. தயிர்ச் சோறு கொண்டுவந்தவர்கள் இருவர். அந்த இரு பாத்திரங்களும் முதல் பந்தியிலேயே காலியாகி, பின்னர் வந்த முதியவர்கள் மோரேனும் கிடைக்குமா என்று கேட்டு நின்றார்கள். கூட்டமோ நண்பகலுக்கு முடியவேண்டியது இரண்டு மணிக்குத்தான் முடிந்தது. தீர்மானம் ஒன்றின்மீது வாதம் வளர்ந்ததற்குப் பாத்திரங்கள் என்ன செய்யும்? காலை ஐந்து மணிக்குச் செய்து சூட்டோடு மூடி வைத்த தேங்காய்ச் சோறு நூலிழுக்கத் தொடங்கிவிட்டது. அதைச் செய்த அம்மாள் ஒருவரும் அறியாமல் பாத்திரத்தைத் தூக்கிச் சென்று மாட்டுத் தொட்டியருகே கொட்டியதை நாம் கண்டும் காணாதவர்போல் திரும்பிக்கொண்டோம். பாயசம் கொண்டுவந்தவர் நகரப் பேருந்தில் வந்தவர். அவருடைய தூக்குப் பாத்திரத்தைவிட அவருடைய சேலையே பாயசத்தை மிகுதியாகப் பெற்றிருந்தது.

இவை யாவும் நகைத்து மறக்கக்கூடியவை. வரிசையின் கடைசியில் இருந்த ஒரு பாத்திரத்தை மட்டும் நாம் மறக்க இயலவில்லை. அது எவர்சில்வர் பாத்திரம்; விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. உள்ளே புளியோதரை. நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்க, அந்த வரிசையிலேயே பக்குவமாகச் செய்யப்பட்ட உணவு அதுதான் என்பது மூடியைத் திறந்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எவரும் திறக்கவில்லை. அதைக் கொண்டுவந்தவர் ஊரின் தெற்கேயுள்ள குடியிருப்பிலிருந்து வந்து, பத்தாண்டுகளுக்கு முன் தறிப் பயிற்சி பெற்று, அங்கத்தினராகச் சேர்ந்தவர். பங்குத் தொகை கட்டியவர். சங்கத்துக்கு அவர் நெய்து தரும் சேலையில் இதுவரை பழுது என்று ஒன்று கழிக்கப்பட்டதில்லை என்று காரியதரிசியே நம்மிடம் கூறியிருக்கிறார். அந்தப் பாத்திரத்தைத் தொடாததற்குக் காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “வயிறு நிறைந்துவிட்டது” என்றார்கள். எலுமிச்சைச் சோற்றை மூன்றாம் முறை வாங்கி உண்டவர்களும் அதையே கூறினார்கள். மாலையில் அந்த அம்மையார் பாத்திரத்தை எடுத்தபோது அது வந்த எடையிலேயே திரும்பியது.

நாம் உண்டோமா என்று நேயர்கள் கேட்கலாம். நாம் தலைவருக்கும் காரியதரிசிக்கும் நடுவில் அமர்த்தப்பட்டு, நம் இலையில் வைத்ததை உண்டோம். எழுந்து சென்று அந்த மூடியைத் திறக்கவில்லை. அப்போதே திறந்திருக்கவேண்டும்.

இனி, உணவு வகைகளுக்கு வருவோம். பலர் கூடும் பந்திக்கு எடுத்துச் செல்லும் உணவுக்கு மூன்று குணங்கள் வேண்டும். காலையில் செய்தது பிற்பகல் வரை கெடாதிருக்கவேண்டும். ஆறிய பின்னும் ருசி குறையாதிருக்கவேண்டும். பல்லில்லாதவர் முதல் பள்ளிப் பிள்ளை வரை உண்ணக்கூடியதாக இருக்கவேண்டும். வீட்டில் புகழ்பெற்ற பல உணவுகள் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றில் தவறிவிடும். கொங்கு நாட்டு அரிசியும் பருப்புஞ் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தாளித்து, அடுப்பிலிருந்து இறக்கியவுடன் நெய் விட்டு உண்டால் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆறினாலோ கட்டியாக இறுகிவிடும். பாவடிக்கு எதிர் வீட்டில் இருப்பவர் செய்யலாம். இரண்டு மைல் வருபவர் செய்யக்கூடாது.

பந்திக்கு அரசு புளியோதரையே என்பது நம் முடிவு. மதுரையில் நெசவை நெடுங்காலத் தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர மக்களின் புளியோதரைக்கு உள்ள பெயர் அந்நகர் சென்றவர்களுக்குத் தெரியும். அதன் சிறப்பு முன்னாளே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது. ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் பழம்புளி, 200 மில்லி நல்லெண்ணெய் என்பது நாம் கேட்டு எழுதிய கணக்கு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்பும் மஞ்சளும் இட்டு, கடுகு, கடலைப் பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம் தாளித்த எண்ணெயில் ஊற்றி, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும் வரை கொதிக்கவிடவேண்டும். இதுவே புளிக்காய்ச்சல். வெந்தயம், தனியா, எள், மிளகாய் ஆகியவற்றை வறுத்துப் பொடித்து இறுதியில் சேர்ப்பர். இதை முதல் நாள் இரவே செய்து வைக்கலாம். காலையில் சோற்றை உதிராக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, சிறிது நல்லெண்ணெய் தெளித்து, நன்றாக ஆறிய பின்னரே காய்ச்சலைக் கலக்கவேண்டும். சூட்டில் கலந்தால் குழையும். கலந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னரே புளி சோற்றில் ஊறி ருசி கூடும். ஆதலின் தாமதமாகும் கூட்டங்களுக்கு இதைவிட இசைந்தது வேறில்லை. வறுத்த நிலக்கடலையை மட்டும் பரிமாறும்போது தூவுக. முன்னரே இட்டால் நமர்த்துவிடும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகளும் இருப்பதால் அது தனியே இருப்பதே நன்று.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். புளி, எலுமிச்சை, தயிர் மூன்றையும் ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ வைத்தல் ஆகாது, களிம்பு ஏறும். அலுமினியமும் புளிப்புக்கு ஏற்றதன்று. எவர்சில்வரும் மண்கலமும் நல்லன. அனலில் வாட்டிய வாழையிலையை உள்ளே விரித்துக் கட்டினால் மணமும் சேரும்.

தயிர்ச் சோற்றில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வீட்டில் உண்பதுபோல் தயிரை ஊற்றிப் பிசைந்து எடுத்துவந்தால் நண்பகலில் வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிடும். சோற்றைக் குழைய வடித்து மசித்து, ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் காய்ச்சி ஆறிய பாலை விட்டு, ஒரு சிறு கரண்டி தயிர் மட்டும் உறையாக ஊற்றவேண்டும். பால் வழியிலேயே தயிராகும். இலையில் விழும்போது இளந்தயிரின் இனிப்பு மாறாதிருக்கும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்தால் போதும். வெள்ளரியோ மாங்காயோ நறுக்கிச் சேர்க்க விரும்புவோர் பந்தியிடத்தில் சேர்க்கட்டும். இதற்குத் துணையாக மோர் மிளகாய் வறுத்து எடுத்துவருபவர், உழைப்புக்கு மிஞ்சிய புகழைப் பெறுவார் என்பதை நாம் மூன்று ஆண்டுகளும் கண்டோம்.

எலுமிச்சைச் சோற்றை நாம் பழிக்கவில்லை; பதினொன்று வேண்டாம் என்றே சொல்லுகிறோம். சாற்றை அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், தாளிதத்தை இறக்கிய பின் பிழிந்தால் கசக்காது. தேங்காய்ச் சோறு மட்டும் தொலைவிலிருந்து வருவோருக்கு ஆகாது. தேங்காயின் ஈரமும் கொழுப்பும் வெயிலில் விரைவில் கெடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சோறு வெந்துவிட்டால் கிருமிகள் யாவும் மாண்டன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். சூடான சோற்றைக் காற்றுப் புகாமல் மூடி வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் வைத்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும்; வாந்தி உண்டாக்கும் அந்நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் நீங்காது. சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. புளிப்பு மிகுந்த உணவில் இந்நுண்ணுயிர் எளிதில் பெருகாது என்பதே புளியோதரையைக் கட்டுச்சோறாக்கிய முன்னோரின் அனுபவத்துக்கு அடிப்படை. ஆகவே சோற்றை அகலப் பரப்பி விரைவில் ஆறவிடுங்கள். ஆறிய பின் மூடுங்கள். பருப்பும் தேங்காயும் பாலும் சேர்ந்தவற்றைக் கடைசியில் செய்யுங்கள். காரியதரிசிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பந்தியை ஒரு மணிக்கு வைத்துவிட்டு, மிஞ்சிய தீர்மானங்களைப் பின்னர் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் புளிக்காது.

நெசவாளர் ஊர்களில் காஞ்சிபுரத்துக்கு ஒரு தனிப் பேறு உண்டு. வரதராசப் பெருமாள் கோயிலோடு இணைத்துப் பேசப்படும் காஞ்சிபுரம் இட்டலி, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் மாவை ஊற்றி ஆவியில் வேகவைப்பது. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்ந்த அதனைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுக்கலாம். சட்டினி இல்லாமலும் இறங்கும், மறுநாளும் கெடாது. குடலை இல்லாத வீடுகளில் உயரமான தம்ளரிலோ அடுக்கிலோ செய்கிறார்கள். வேகுநேரம் மிகுதி, ஆயினும் அடுப்பில் வைத்துவிட்டுத் தார் சுற்றச் செல்லலாமாகையால், நெசவு வீட்டுக்கு இது தொல்லையன்று.

சோறே செய்யவேண்டும் என்பதுமில்லை. விளைவிப்போர் வீடுகளில் மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை இல்லாத வீடு ஏது? ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவு ஊறவைத்து வேகவைத்தால் 25 பேருக்குக் குறையாமல் ஒரு கை சுண்டல் கிடைக்கும். தேங்காய்த் துருவலைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுவந்து பந்தியில் கலக்கவேண்டும். நீரிழிவு உள்ள முதியோர் பாத்திரங்களைப் பார்த்துப் பார்த்துச் சோறாகவே இருப்பது கண்டு தயங்கும்போது, சுண்டல் அவர்களுக்குப் பெருந்துணை. இனிப்பில் அதிரசமும் கடலை உருண்டையும் சிந்தாதவை, கெடாதவை, எண்ணிக் கொடுக்கக்கூடியவை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது அங்கத்தினர்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊரில் விளைந்த கடலையில் செய்த உருண்டைக்கு அப்படிப்பட்ட முத்திரை இல்லாவிடினும் பிள்ளைகள் அதை மறுப்பதில்லை. புலால் உணவு கொண்டுவருவோர் தனிப் பெஞ்சும் தனிக் கரண்டியும் கேட்டுப் பெறுக. அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

விளைவிப்போர் சங்கங்களுக்கு வேறொரு முறையும் இசையும். நாம் திருநெல்வேலிப் பக்கத்தில் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு சங்கத்தார் சமைத்த உணவைக் கொண்டுவராமல், விளைந்ததைக் கொண்டுவந்து அங்கேயே கூட்டாஞ்சோறு ஆக்கினார்கள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. கத்தரி, முருங்கை, வாழைக்காய், அவரை, மாங்காய் என யார் தோட்டத்தில் எது உண்டோ அது வந்து சேர்ந்தது. தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்து, சிறிது புளி கரைத்து, எல்லாம் ஒரே கொப்பரையில் வெந்தன. முருங்கைக் கீரையை இறுதியில் தூவினார்கள். தொட்டுக்கொள்ளக் கூழ்வடகம். அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வருவதால் கெடும் என்ற அச்சமே இல்லை. யாருடைய கத்தரிக்காய் யாருடைய நாவில் பட்டது என்று அங்கே பிரித்தறியவும் முடியாது. அந்தக் கொப்பரை நமக்கு அப்போது வேறொரு சங்கத்தில் உதவப்போகிறது என்பதை நாம் அறியவில்லை.

ஏனெனில் இரண்டாம் ஆண்டு மகாசபைக்கு முன், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் இயக்குநர் ஒருவர் அந்தத் திறக்கப்படாத பாத்திரத்தைக் கமிட்டியில் நேராகவே எடுத்துப் பேசினார். “போன வருஷம் ஒரு வீட்டுச் சோறு அப்படியே திரும்பிப் போயிற்று. அது ஏன் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்” என்றார். அறையில் சிறிது நேரம் தறிச் சத்தம் மட்டுமே கேட்டது. அப்போது நாம் அந்தக் கொப்பரையைப் பற்றிச் சொன்னோம். அதன் பேரில் ஒரு பட்டியல் எழுதுவது என்றும், ஒரே வகை உணவுகளைச் சங்கத்தின் பெரிய பாத்திரங்களில் கொட்டி ஒன்றாக்கிவிடுவது என்றும், பெயர் வெட்டிய பாத்திரம் எதுவும் பந்தியில் வைக்கலாகாது என்றும் தீர்மானித்தார்கள். தெருவுக்கு ஒருவராகப் பரிமாறுவோரும் குறிக்கப்பட்டார்கள்.

பட்டியலின் பயனைக் கண்கூடாகக் கண்டோம். 120 பேருக்குப் புளியோதரை மூன்று வீட்டார், தயிர்ச் சோறு ஐந்து வீட்டார், எலுமிச்சை இரண்டே வீட்டார், சுண்டல், இட்டலி, ஊறுகாய், வடகம், இனிப்பு, இலை, தண்ணீர் என ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெயர் இருந்தது. அளவுக்கு ஒரு வழி கூறுகிறோம்: பல வகை இருக்கும் பந்தியில் ஒரு கிலோ அரிசியில் ஆன ஒரு வகைச் சோறு 20 பேருக்கு வரும். வகைக்கு ஒரு கைப்பிடிதானே ஒருவர் வாங்குவார்! சமைக்க வசதியற்ற வீடுகள் இலைக்கட்டோ உப்புப் பொட்டலமோ தரட்டும். அந்த வரியும் பட்டியலில் ஒரு வரியே. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டிருப்பதால், வாழையிலையும் தையல் இலையும் கொண்டுவருவோர் பங்கு சிறிதன்று.

மூன்று வீட்டுப் புளியோதரையும் ஒரே அண்டாவில் கலந்தது. எல்லாரும் உண்டார்கள். உண்ணாமல் வீட்டுக்குச் சென்ற குடும்பங்கள் இரண்டு; அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அண்டா காலியாயிற்று. நமக்கு மிகுந்த திருப்தி. தெற்குத் தெரு அம்மையார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குச் சென்று, “இந்த ஆண்டு மீதமே இல்லையே, அம்மா” என்றோம்.

அவர் தலை நிமிராமலே, “மீதமில்லை ஐயா. ஆனால் சோறு நன்றாயில்லை” என்றார்.

நாம் திகைத்தோம். அவர் விளக்கினார். அவருடைய காய்ச்சல் எள் வறுத்துப் பொடித்துச் செய்தது. மற்றொரு வீட்டார் வெல்லம் சேர்த்திருந்தார்கள். மூன்றாமவர் காய்ச்சலை இறுகவிடாமல் நீர்க்கவே இறக்கியிருந்தார். மூன்றும் கலந்து ஒன்றுக்கும் ஆகாத ருசியாயிற்று. “கலந்த சோற்றைத் தின்றவர்கள் யார் வீட்டுச் சோற்றைத் தின்றார்கள்? என் பாத்திரத்திலிருந்து எடுத்துத் தின்றால்தானே ஐயா என் சோற்றைத் தின்றதாகக் கணக்கு?” என்று கேட்டார். கணக்குப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு அதற்கு விடை கூற இயலவில்லை. பெயரை மறைத்ததால் சோறு செலவாயிற்று. அவருடைய கைப்பக்குவமும் அதனுடன் மறைந்தது. நெய்த சேலையில் நெய்தவர் பெயர்ச்சீட்டு வேண்டும் என்று பேசும் நாம், சமைத்த பாத்திரத்திலிருந்து பெயரை அழிக்கச் சொன்னோம்.

இச்செய்தியைப் பெண் இயக்குநரிடம் தெரிவித்தோம். அவர் சிரித்து, “எனக்கும் அண்டாச் சோறு பிடிக்கவில்லை சார்” என்றார்.

சென்ற மகாசபையில் அந்த விதி கைவிடப்பட்டது. பட்டியல் நின்றது; பாத்திரங்கள் பெயர்களுடன் வந்தன. வரிசையை மட்டும் சங்கத்தின் அங்கத்தினர் எண்படி வைத்தார்கள். எனவே எந்தத் தெருவும் கடைசியில் இல்லை. பந்தி தொடங்குமுன் தலைவரும் பெண் இயக்குநரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் தாமே திறந்து, ஒரு கரண்டி தம் இலையில் இட்டுக்கொண்டு, யார் வீட்டு உணவு என்று உரக்கச் சொல்லி நகர்ந்தார்கள். நாமும் அவர்கள் பின்னே இலையோடு சென்றோம். எள் மணக்கும் அந்தப் புளியோதரையை முதன்முறையாக உண்டோம். முதல் ஆண்டிலேயே எழுந்து சென்றிருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னமே உண்டிருப்போம். இளைஞர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். முதியோர் சிலர் அந்தப் பாத்திரத்தின் எதிரே வந்ததும் அடுத்ததற்கு நகர்ந்ததையும் கண்டோம், ஆனால் முதல் ஆண்டு நகர்ந்தவர்களில் ஒரு மூதாட்டி இப்போது நின்று, “காரம் ஜாஸ்தியோ?” என்று கேட்டு, “கொஞ்சம்தான் அத்தை” என்ற மறுமொழி பெற்று, இலையை நீட்டினார்.

மாலையில் பாத்திரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு மீந்திருந்தது. அம்மையார் அதிலிருந்து ஒரு பொட்டலம் கட்டி நமக்குக் கொடுத்தார். மூதாட்டியின் வீட்டிலிருந்து வந்த நான்கு அதிரசங்கள் அவருடைய பாத்திரத்தின் மூடிமேல் இருந்தன. சங்கக் கணக்கில் அன்றைய செலவு தண்ணீர்க் குடம் வாடகை ஒன்றுதான். அதற்கும் ரசீது இருந்தது. அடுத்த மகாசபைக்கான பட்டியலைக் காரியதரிசி இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார். புளியோதரை என்னும் வரிக்கு எதிரே இம்முறை ஒரே பெயர். அளவு 2 கிலோ என்று எழுதியதை அம்மையார் 3 என்று திருத்தச் சொல்லியிருக்கிறார்.